ஒன்பதாம் பெட்டியில் உங்கள் கையெழுத்து

என் சந்தேகங்களுக்கெல்லாம் சிரித்தே பதில் சொன்ன ரெஜினா அண்ணிக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் எல்லாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அண்ணன் என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. காலையில் பம்பூபிளாட் ஜெட்டிக்குப் போகிறான், சாத்தத்துக்கும் இங்கேயுமாக ஓடும் பெர்ரியில் இன்ஜின் பார்க்கிறான், சாயங்காலம் வந்து நான் வைத்த சோற்றைச் சாப்பிடுகிறான். "குழம்பு எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டால் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான். உங்கள் மகள் ஜெனி மெயின்லேண்ட் ஹாஸ்டலிலிருந்து போன் செய்யும்போது மட்டும் இந்த வீட்டில் ஒரு குரல் கேட்கிறது.

அவன் கோபம் நியாயம்தான். என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம் என்று உங்களுக்குத் தெரியும். மீன்காரர் செவுளைத் திறந்து காட்டினால், சாயம் கீயம் பூசியிருப்பாரோ என்று விரலால் தேய்த்துப் பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். கல்யாணமாகி நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் அப்படித்தான் பார்த்தேன். கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த பெண், சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம், சுனாமிக்குப் பிறகு ஒரு டிரங்குப் பெட்டியோடு போர்ட் பிளேயர் வந்து ஐ.டி.ஐ. படித்தவர். நாங்களோ தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். "இவ்வளவு பணிவா ஒரு பொம்பள இருப்பாளா? இதுல என்னமோ இருக்கு" என்று அம்மாவிடம் சொன்னேன். அது உங்கள் காதில் விழுந்துவிட்டது. நீங்கள் என்ன செய்தீர்கள்? "நாத்தனாரே, கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போனீர்கள்.

அந்தச் சிரிப்பையும் நான் சந்தேகப்பட்டேன். என்ன செய்ய?

பிறகு இரண்டு பேரும் ஒரே ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தோம். இனி சொல்லப்போவது உங்களுக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெரார்கஞ்சில் எங்கள் கண்ட்ரோல் ரூம். அங்கிருந்து காட்டுக்கும் உப்பங்கழிக்கும் அப்பால் இருக்கிற ஊர்களுக்குக் கரண்ட் போகிறது. கம்பி அறுந்தாலோ கரண்ட் போனாலோ தெரிவிக்க வழி நெடுகக் கம்பங்களில் பதினான்கு பெட்டிகள் வைத்திருக்கிறோம். அந்தக் காட்டில் செல்போன் டவர் எடுக்காது. அதனால் ஒரு பெட்டி அடுத்த பெட்டியிடம் சொல்லும், அது அதற்கடுத்ததிடம் சொல்லும், கடைசியில் செய்தி என் மேஜைக்கு வந்து சேரும். சொல்வதற்கு இரண்டு வழி. கரண்ட் ஓடுகிற அதே கம்பியிலேயே செய்தியையும் ஏற்றி அனுப்புவது ஒன்று. ரேடியோவில் காற்று வழியாக அனுப்புவது இன்னொன்று.

ஏன் இரண்டு? உப்புக்காற்று பட்டுப் பட்டுக் கம்பியில் இரைச்சல் ஏறிவிடும். மழையில் இலையெல்லாம் நனைந்து நின்றால் ரேடியோ திணறும். ஒன்று சறுக்கும்போது இன்னொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் இரண்டு வழியிலும் காதைத் தீட்டிக்கொண்டிருந்து, எதில் தெளிவாகக் கேட்டதோ அதை மேலே அனுப்பும். "புருஷன் கோவிச்சுக்கிட்டா பெண்டாட்டி பேசுவா, அவ்ளோதான்" என்று எங்கள் ஜூனியர் இன்ஜினியர் ராவ் சார் விளக்குவார். பெட்டிகளைத் திறந்து சோதிப்பது உங்கள் வேலை. திரையைப் பார்த்துத் தினசரித் தாளில் டிக் போடுவது என் வேலை.

நீங்கள் போன நாலாவது மாதம், மழைக்காலம்தான், ஆனால் ஒரு வாரமாக மழை விட்டிருந்தது. எட்டாம் பெட்டிக்கும் ஒன்பதாம் பெட்டிக்கும் நடுவில் உப்பங்கழி கிடக்கிறது இல்லையா, அதைத் தாண்டி அக்கரையில் ஹரிபத காக்காவின் (வங்காளிகள் சித்தப்பாவைக் காக்கா என்பார்கள்) பாக்குத் தோட்டத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தது. அறுந்த கம்பியில் கரண்ட் இருந்தது. ஈரமில்லாத சருகின் மேல் கிடந்ததால் இங்கே சப்ஸ்டேஷனிலும் எதுவும் தானாக நிற்கவில்லை. கம்பிதான் அறுந்துவிட்டதே, ஒன்பதாம் பெட்டி தன் பேட்டரியில் ரேடியோ வழியாகக் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை, அல்லது கத்தியது இங்கே வந்து சேரவில்லை. என் திரையில் ஒன்பதாம் பெட்டி கடைசியாகச் சொன்ன "எல்லாம் சரி" பச்சையாகவே நின்றது. காக்காவின் பசு அந்தக் கம்பியை மிதித்துச் செத்தது. கயிற்றைப் பிடித்து இழுக்கப்போன காக்காவின் வலது கை வெந்துபோனது. உயிர் பிழைத்தார். அதற்கு மாதாவுக்கு நன்றி.

மறுநாள் டீம் போனது. ரேடியோ நன்றாக வேலை செய்தது! அதுதான் வேடிக்கை. ஆன்டெனா ஒயர் சேருகிற இடத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். "இதுதான் காரணம், அப்பப்போ பிடிக்கும், அப்பப்போ விடும்" என்று அதை மாற்றிப் புதிது போட்டார்கள். பெட்டிக்குள் இருந்த ரெஜிஸ்டரைப் பார்த்தார்கள். கடைசிப் பதிவு உங்களுடையது. "கம்பி சரி, ரேடியோ சரி" என்று உங்கள் சாய்வான கையெழுத்து. அதற்கு முன்னால் உள்ளவையும் எல்லாம் நீங்கள் எழுதியவைதான், எல்லாவற்றிலும் இதே வாசகம்.

விசாரணை வைத்தார்கள். என்னிடமும் எழுத்தில் கேட்டார்கள். நான் என்ன எழுதினேன் தெரியுமா அண்ணி? "மறைந்த ரெஜினா அவர்கள் ஒவ்வொரு முறையும் நேரில் சென்று சோதித்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. அந்த இடத்துக்குப் போவது கடினம்." இதுதான் நான் எழுதியது. யாரும் என்னை மிரட்டவில்லை. எல்லாப் பதிவிலும் ஒரே வாசகம் இருந்தது எனக்கு உறுத்தியது. வீட்டில் உட்கார்ந்து எழுதிவைத்துவிட்டு, எப்போதாவது ஒரு நாள் போய்ச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பீர்களோ என்று தோன்றியது. உங்கள் கூடவே பதினோரு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தவளுக்கு அப்படித் தோன்றியது.

வாரிசுக்கு என்று ஒரு நகல் வீட்டுக்கு வந்தது. அண்ணன் வாசித்தான். மடித்து அலமாரியில் வைத்தான். "அவ போவாமலே கையெழுத்துப் போட்டத நீ பாத்தியாட்டி?" என்று கேட்டான். அதுதான் அவன் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

அப்போதும் எனக்கு வெட்கம் வரவில்லை, ரோஷம்தான் வந்தது. நான் சொன்னதை நிரூபித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். அக்கரைக்குப் படகோட்டி பிலிப்பின் டுங்கியில்தான் போகவேண்டும். கழியில் நீர் ஏறி நிற்கும்போதுதான் அந்தப் படகு ஓடும், வற்றினால் முழங்கால் சேறு. ஆகவே நீங்கள் எழுதிய நேரங்களில் ஒன்றாவது நீர் வற்றிய நேரமாக இருந்தால் போதும், நீங்கள் போகவில்லை என்று ஆகிவிடும். அண்ணன் வேலைக்குப் போனதும் அவன் அலமாரியிலிருந்து கடல் ஏற்ற இறக்க அட்டவணையை எடுத்தேன். ஆபீசிலிருந்து ரெஜிஸ்டரின் நகலையும் கொண்டுவந்தேன். உங்களுடைய நாற்பத்தொரு வருகையையும் அட்டவணையோடு வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

நாற்பத்தொன்றும் பொருந்தின. ஒன்றில்கூட நீங்கள் தப்பவில்லை. வீட்டிலிருந்து மனம்போல் எழுதினால் இப்படி அமையாது. நீங்கள் போயிருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் போயிருக்கிறீர்கள்.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே அழுது முடித்திருப்பார்கள். எனக்கு அடுத்த சந்தேகம் முளைத்தது. நாற்பத்தொரு தடவையில் ஒரு தடவைகூட நீர் வற்றியபோது யாரும் அந்தப் பெட்டியைப் பார்த்ததில்லையா? மரம் விழுந்த நாளின் நேரத்தைப் பார்த்தேன். முழு வற்றம். டீம் போய் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்த நேரத்தைப் பார்த்தேன். முழு ஏற்றம்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு பிலிப்பிடம் போனேன். அவர் ராஞ்சிக்காரர், ஹிந்திதான் பேசுவார். நான் அக்கரையில் இறங்கிக்கொள்கிறேன், அடுத்த ஏற்றத்துக்கு வந்து கூட்டிப்போங்கள் என்றேன். அவர் துடுப்பை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மேடம், ஆப் லோக் ஜோயார் மே ஆத்தே, ஜோயார் மே ஜாத்தே. பாட்டா மே இதர் கோன் ருக்தா?" என்றார். நீங்களெல்லாம் நீர் ஏறும்போது வருகிறீர்கள், இறங்கும் முன்னே போய்விடுகிறீர்கள், வற்றும்போது இங்கே யார் நிற்கிறார்கள் என்று கேட்டார். அவர் சும்மா கேட்டதுதான். இத்தனை இன்ஜினியர்கள் கேட்காததை அவர் கேட்டார்.

காலை எட்டரைக்கு ஒன்பதாம் பெட்டியைத் திறந்தேன். கம்பிக்கு ஒரு பச்சை விளக்கு, ரேடியோவுக்கு ஒரு நீல விளக்கு, இரண்டும் எரிந்தன. பக்கத்தில் ஒரு கட்டையில் உட்கார்ந்தேன். முதலை வருமோ என்ற பயம் ஒரு பக்கம், மணல் ஈ கடி ஒரு பக்கம். அசையும் ஒவ்வொரு கட்டையும் எனக்கு முதலையாகவே தெரிந்தது. பத்தரை மணி வரை நீலம் எரிந்தது. நீர் இறங்கி எதிர்க்கரையில் கண்டல் மரங்களின் வேர்கள் தெரிய ஆரம்பித்தன. நீலம் விட்டு விட்டு எரிந்தது. பதினொன்றேகாலுக்கு அணைந்தது.

நான் எதையும் தொடவில்லை அண்ணி. காற்றில்லை, மழையில்லை, ஒயர் புத்தம்புதிது. ஆனாலும் அணைந்தது.

ஹரிபத காக்கா என்னைப் பார்த்துவிட்டு வந்தார். கட்டுப் போட்ட கையோடு, இடது கையால் இளநீர் நீட்டினார். "வோ வாலி மேடம் நஹீ ஆயீ?" என்று கேட்டார். அந்த மேடம் வரவில்லையா என்று உங்களைத்தான் கேட்கிறார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். அவர் அங்கேயே சேற்றுக்கரையில் குந்திவிட்டார். நீங்கள் ஒவ்வொரு தடவையும் அவர் வீட்டில் சர்க்கரை இல்லாமல் டீ குடிப்பீர்களாம், பிலிப் கூப்பிட்டதும் பாதி டீயை வைத்துவிட்டு ஓடுவீர்களாம். எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. ஒரு தடவையாவது அந்த டீயை முழுசாகக் குடித்திருக்கக்கூடாதா? இன்னும் இரண்டு மணி நேரம் அங்கே இருந்திருந்தால் நீங்களே பார்த்திருப்பீர்களே?

மத்தியானம் இரண்டரைக்கு நீர் திரும்பியது. அதன்பிறகு நீலம் தானாக எரிந்தது.

ராவ் சாரிடம் சொன்னேன். அவர் ஒரு தாளில் படம் போட்டார். எட்டாம் பெட்டி மேட்டில் இருக்கிறது, ஒன்பது கீழே. ரேடியோ நேராகவும் போகிறது, கழியின் நீர்மேல் பட்டுத் தெறித்தும் போகிறது. நீர் ஒரு மட்டத்தில் நிற்கும்போது இரண்டும் ஒன்றுக்கொன்று துணை நிற்கும், இன்னொரு மட்டத்தில் ஒன்றை ஒன்று அழித்துவிடும் என்றார். "அரே, இது புஸ்தகத்துல இருக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டார். புத்தகத்தில் இருந்ததை இத்தனை நாள் யாரும் ஏன் பார்க்கவில்லை? வற்றத்தில் ரேடியோ செத்தாலும் கம்பி பேசிக்கொண்டிருந்தது, திரை பச்சையாகவே இருந்தது. இரண்டு வழி வைத்ததே ஒன்றின் ஓட்டையை இன்னொன்று மூடுவதற்குத்தான். அது எங்கள் கண்ணையும் சேர்த்து மூடிவிட்டது.

இதோடு கடிதத்தை முடித்தால் எனக்குச் சுகம். முடிக்க முடியாது.

செய்தி எந்த வழியில் வந்தது என்பது என் திரையில் இருக்கிறது அண்ணி. அந்தப் பச்சைப் புள்ளியை மவுசால் ஒரு தடவை அழுத்தினால் போதும், கம்பியா ரேடியோவா என்று காட்டும். நான் அழுத்தியதே இல்லை. தினசரித் தாளில் கம்பிக்கு ஒரு கட்டம், ரேடியோவுக்கு ஒரு கட்டம் இருக்கும். பச்சை என்றால் இரண்டிலும் டிக். அந்த அறையில் இந்தப் பழக்கத்தை ஆரம்பித்தவளே நான்தான். புதிதாக வந்த இரண்டு பேருக்கும் "பச்சைன்னா ரெண்டுலயும் போட்டுருங்க" என்று சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். மீனின் செவுளைத் தேய்த்துப் பார்க்கிறவள் ஒரு புள்ளியை அழுத்திப் பார்க்கவில்லை.

இப்போது பழையதை எல்லாம் திறந்து அழுத்திப் பார்த்தேன். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் வைத்திருக்கிறது. நீங்கள் உயிரோடு இருந்த காலத்திலிருந்தே ஒவ்வொரு வற்றத்திலும் ஒன்பதாம் பெட்டியின் ரேடியோ இல்லை. அந்த ஒவ்வொரு நாளும் என் தாளில் ரேடியோ சரி என்று டிக். நீங்கள் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான். உங்கள் மேல் நான் எழுதிக்கொடுத்த குற்றம் என் குற்றம்.

ராவ் சாரிடம் இதையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். "பாருங்க ஸ்டெல்லா காரு, போனவங்களுக்கு மெமோ போகாது. உங்களுக்குப் போகும். ஆன்டெனாவை நான் மெதுவா மேல ஏத்தி வெச்சிடறேன். ஃபைல் க்ளோஸ் ஹோ ஜாயேகா, சோடியே" என்றார். ஃபைல் மூடிவிடும், விட்டுவிடுங்கள் என்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் என் தினசரித் தாள்களில் வாராவாரம் கீழே கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான். அவர் என்னைக் காப்பாற்றுகிறாரா, தன்னையா? தெரியவில்லை. அந்த "மெதுவா" எந்த வருஷம் என்றும் தெரியவில்லை. களிம்பு ஏறிய ஒயரை மாற்றியதோடு "சரிசெய்யப்பட்டது" என்று ஃபைலில் எழுதிவிட்டார்கள். அடுத்த மரம் வற்றத்தில் விழுந்தால் காக்காவின் இன்னொரு கை என்ன ஆகும்? இதே மாதிரிக் கழியைத் தாண்டுகிற பெட்டி இன்னும் மூன்று இருக்கிறது. அவற்றில் எல்லாம் யார் வற்றத்தில் போய் உட்கார்ந்து பார்த்தார்கள்?

ஃபைலை மூடுமுன் யாருக்காவது திருத்திச் சொல்ல ஏதாவது இருந்தால் திங்கட்கிழமைக்குள் கொடுக்கவேண்டும். நான் எழுதிவைத்துவிட்டேன். முதல் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றும், ரெஜினா நாற்பத்தொரு தடவையும் நேரில் போனார் என்றும், ரேடியோ இல்லாத நாட்களில் இருக்கிறது என்று டிக் போட்டது நான் என்றும், காரணம் ஒயரில் இல்லை என்றும் எழுதியிருக்கிறேன். நீல விளக்கு அணைந்த நேரமும் எரிந்த நேரமும் அதில் இருக்கின்றன. நாலு நாளாக அது என் கைப்பையிலேயே இருக்கிறது. ஆபீசுக்கு எடுத்துப் போகிறேன், திரும்பக் கொண்டுவருகிறேன். நேற்று ராவ் சார் மேஜை வரை போய்விட்டு, பஞ்சிங் மிஷினைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் நம்பத் தகுந்தவள் இல்லை அண்ணி. ஊரையே சந்தேகப்பட்டேன், உங்களைச் சந்தேகப்பட்டேன், இப்போது மிச்சமிருப்பது நான்தான். திங்கட்கிழமை காலையில் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

அதனால்தான் உங்கள் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி மனதுக்குள் சொல்லவேண்டியதை, நம் கோயிலின் நினைவு மலருக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வாசலில் எல்லார் கையிலும் இது இருக்கும். அண்ணனும் வாசிப்பான், அவன் எதையும் கடைசி வரி வரை வாசிப்பவன். அண்ணே, திங்கட்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் என்னை ஏற்றிவிட நீ ஜெட்டிக்கு லேட்டாகப் போனாலும் பரவாயில்லை. நான் ஏறுகிறேனா என்று நின்று பார்.

அண்ணி, கொடுத்துவிடுகிறேன். கொடுத்ததற்கான சீல் போட்ட பிரதியை வாங்கி வந்து, அலமாரியில் அண்ணன் மடித்துவைத்த அந்த நகலுக்கு மேலே வைக்கிறேன்.

உங்களை நம்பாமலே பதினோரு வருஷம் உங்கள் கையால் சாப்பிட்ட
உங்கள் நாத்தனார்
ஸ்டெல்லா